பரிந்து பேச வருபவருக்கு

அண்மையில் ஒரு ஞாயிறு காலை, நெல்லியடிச் சந்திக்குக் கிட்டவுள்ள வாசிகசாலையொன்றில் ஆசிரியர்களாகிய நாம் நால்வர் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தோம். உள்பக்கத்தில் ஒரு சிறு செய்தி கண்ணிற்பட்டது. சிறுவர் நலனுக்காகக் குரல் கொடுப்பதையே பணியாகக் கொண்ட தொண்டு நிறுவனமொன்று தனது சுகாதாரக் கொள்கைப் பிரிவுக்குப் புதிய பணிப்பாளர் ஒருவரை நியமித்திருக்கிறது. அவருடைய படம், பெற்ற பட்டங்கள், முன்பு வகித்த பதவிகள், அவர் வரவினால் நிறுவனம் புதுவலுப் பெற்றுவிட்டது என்றொரு வரி. அவ்வளவுதான். நிறுவனத்தின் பெயரோ அவருடைய பெயரோ இங்கு வேண்டியதில்லை. இன்று இவர் வந்திருக்கிறார். நாளை வேறொருவர் வருவார். பதவி நிலையானது, படம் மட்டுமே மாறும்.

எமக்கு அவர்மீது பகையேதுமில்லை. கற்றவர், அநுபவமுள்ளவர், பிள்ளைகள்பால் அன்புள்ளவர் என்றே கொள்வோம். ஆயினும் அச்செய்தியை வாசித்து முடித்தபோது எம்முள் எழுந்த கேள்விகளை விழுங்கிவிட்டு வீடு செல்ல எம்மால் இயலவில்லை. இவர் யாருக்காகப் பேசப் போகிறார்? யாரிடம் பேசப் போகிறார்? பேச்சுப் பொய்த்துப் போனால் யாருக்குப் பதில் சொல்வார்? எமது வகுப்பறைகளில் வெறுந்தேநீரைக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை எட்டு மணி முதல் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நாம். ஆகவே இக்கேள்விகளைக் கேட்கும் உரிமை எமக்குண்டு.

தமிழ் படித்தவர்கள் என்ற முறையில் முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. தொண்டு நிறுவனங்களின் தமிழில் இவர்கள் செய்யும் தொழிலுக்குப் 'பரிந்து பேசல்' என்று பெயர். நல்ல சொல். பரிவு என்பது இரக்கம். பிறருடைய நோவைத் தன் நோவாகக் கொள்ளும் நெஞ்சின் அசைவு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவு முழுதும் கண்விழித்திருக்கும் தாய் பரிகிறாள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை, கருத்திட்டக் காலம் முடியும்வரை மட்டும் பரிவது எங்ஙனம் என்பது எமக்கு விளங்காத இலக்கணம். இன்னுமொரு சொல்லும் எமக்கு முள்ளாய்க் குத்துகிறது. உண்ணக் கிடையாத பிள்ளையின் நிலையை 'மந்தபோசணை' என்று அறிக்கைகள் எழுதுகின்றன. ஏதோ போசணையே சோம்பிக் கிடப்பது போலவும், பிள்ளையின் வயிற்றில்தான் மந்தம் இருப்பது போலவும் அச்சொல் ஒலிக்கிறது. பசி என்று எழுதினாற் பணம் வராதோ, என்னவோ.

பிள்ளைகளுக்காகப் பேசுவதென்ற தொழில் எங்ஙனம் பிறந்ததென்று சற்றே திரும்பிப் பார்ப்போம். 1919 ஆம் ஆண்டு; முதலாம் உலகப்போர் முடிந்தும் தோற்ற நாடுகளின் மீதான முற்றுகையைப் பிரித்தானியா தளர்த்தாதிருந்த நேரம். எலும்புந் தோலுமாய்க் கிடந்த ஒஸ்திரியக் குழந்தைகளின் படங்களைக் கொண்ட துண்டுப் பிரசுரங்களை லண்டன் ட்ரபல்கார் சதுக்கத்தில் விநியோகித்தார் எக்ளன்டைன் ஜெப் என்னும் பெண்மணி. தணிக்கையாளரின் அநுமதியில்லாமல் வெளியிட்டாரென்று பொலிசார் பிடித்தனர். நீதிமன்றம் ஐந்து பவுண் தண்டம் விதித்தது. எதிர்த்து வாதாடிய அரசாங்க வழக்கறிஞரே அத்தொகையைத் தம் பையிலிருந்து கொடுத்தார் என்பது வரலாறு. 'சிறுவரைக் காப்போம்' நிதியம் அவ்வாண்டிலேயே தோன்றியது. இங்கு நோக்கவேண்டியது, அப்பெண்மணி யாரை எதிர்த்தார் என்பதே. பகைநாட்டுப் பிள்ளைகளைப் பட்டினி போட்ட தம் சொந்த அரசாங்கத்தையே அவர் எதிர்த்தார். குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்றார். இத்தொழிலின் பிறப்பிடம் மாநாட்டு மண்டபம் அன்று, நீதிமன்றக் கூண்டு.

சுகாதாரக் கொள்கையின் உச்சாணியிலிருந்து பிள்ளைகளின் பக்கம் வந்த ஒருவரும் உலக வரலாற்றில் உண்டு. அவர் பெயரை எமது மாணவர்கள் ஒருவரும் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். ஆசிரியர்களிலும் பலர் கேள்விப்பட்டிராதது எமது கல்வியின் குறையேயன்றி அவருடைய குறையன்று. லுட்விக் ராய்க்மன், போலந்து நாட்டவர், நுண்ணுயிரியலாளர். இளமையிற் சோஷலிச இயக்கத்திற் கலந்து சிறை கண்டவர். முதலாம் போரின் பின்னர் போலந்தைத் தெள்ளுக்காய்ச்சல் வாரிக்கொண்டுபோனபோது அதனை எதிர்த்து நின்றவர். 1921 முதல் 1939 வரை சர்வதேச சங்கத்தின் சுகாதார அமைப்புக்குப் பணிப்பாளராக இருந்தார். பாசிசத்துக்கு விட்டுக்கொடுத்து வாழ விரும்பிய ஜெனீவாவின் கனவான்களுக்கு இவர் ஒத்துவரவில்லை, வெளியேற்றப்பட்டார். இரண்டாம் போர் முடிந்து, நிவாரணப் பணிக்கென அமைந்திருந்த ஐக்கிய நாடுகள் நிறுவனம் மூடப்படவிருந்த வேளையில், மிஞ்சிய வளங்களை ஐரோப்பாவின் பிள்ளைகளுக்கென ஒதுக்கவேண்டுமென்று எழுந்து நின்று கேட்டவர் அவரே. 1946 டிசெம்பர் 11 இல் யுனிசெவ் பிறந்தது. அதன் நிர்வாக சபையின் முதலாவது தலைவராக 1950 வரை அவர் பணிபுரிந்தார்.

அம்மனிதர் பிள்ளைகளுக்கென்று பால்மாவை மட்டும் கேட்கவில்லை. காசநோய்த் தடுப்பூசியைக் கோடிக்கணக்கான பிள்ளைகளுக்குக் கொண்டுசெல்லும் பணிக்கு அவர் தோள்கொடுத்தார். நாடு, கட்சி, வென்றவன், தோற்றவன் என்ற பேதமின்றி உதவி செல்லவேண்டுமென்ற நெறியில் அந்நிறுவனம் நின்றது. பின்னர் அமெரிக்காவிற் கம்யூனிஸ்ட் வேட்டை தொடங்கியபோது, பிள்ளைகளுக்காக ஓர் உலக நிறுவனத்தையே தோற்றுவித்த இம்மனிதரும் ஐயத்துக்குரியவரானார். 1965 இல் பிரான்சில் இறந்தார். அவருக்குக் கிடைத்த பரிசு மௌனம். பிள்ளைகளுக்காகப் பேசியவன் தன் வேலையை இழந்தானா, காத்துக்கொண்டானா என்று பார்த்தே அவன் பேச்சின் எடையை அளவிடும் கெட்ட பழக்கம் எமக்குண்டு.

இனி எமது நாட்டுக்கு வருவோம். 1934-35 இல் இலங்கையைக் கொள்ளைகொண்ட மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். காய்ச்சல் கொன்றதைவிடப் பட்டினியாற் பலமிழந்த உடல்களைக் காய்ச்சல் எளிதாகக் கொன்றது என்பதே உண்மை. கேகாலைக் கிராமங்களில் மருந்தோடு பருப்பையும் சுமந்துசென்ற சூரியமல் இயக்கத்து இளைஞர்களுள் என். எம். பெரேராவும் ஒருவர், 'பருப்பு மாத்தயா' என்று மக்கள் அவரை அழைத்தனர். மருத்துவரான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அவ்வியக்கத்தில் நின்றார். மருந்துப் புட்டியோடு உணவுப் பொட்டலமும் போகவேண்டும், உணவுப் பொட்டலத்தோடு அரசியலும் போகவேண்டும் என்பதை அவர்கள் கிராமத்து ஒழுங்கைகளிலேயே கற்றனர். 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியமைக்கு அந்தக் காய்ச்சலுக்கும் பங்குண்டு.

1953 ஐ இன்று எத்தனை பேர் நினைக்கிறோம்? பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. அதே கையெழுத்தோடு பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனாவிடம் கணக்கு இருந்தது. வரவு, செலவு, பற்றாக்குறை எல்லாம் ஒழுங்காகக் கூட்டிக் கழிக்கப்பட்டிருந்தன. பிள்ளையின் வயிறு மட்டும் அக்கணக்கில் வரவில்லை. ஓகஸ்ட் 12 இல் ஹர்த்தால். இடதுசாரிக் கட்சிகளோடு தமிழரசுக் கட்சியும் அதனை ஆதரித்தது. அரசாங்கம் அஞ்சிய அச்சம் எத்தகையதெனில், மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றில் ஏறிக் கூடியது! துப்பாக்கிச் சூட்டில் மக்கள் மாண்டனர். ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். பள்ளிப் பிள்ளையின் மதியச் சோறும் சேர்ந்து ஓர் அரசாங்கத்தின் தலையை உருட்டிற்று. அன்று பிள்ளைகளுக்காகப் பரிந்து பேசிய பணிப்பாளர் எவருமிலர். துறைமுகத் தொழிலாளியும் வண்டிக்காரனும் வயற்காரியும் பேசினர். மூன்றாண்டுகளின் பின், 1956 இல், எமது வடமராட்சி மக்கள் பருத்தித்துறைத் தொகுதியிலிருந்து பொதுவுடைமைவாதியான பொன். கந்தையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர் என்பதையும் இளைஞர்கள் மறந்துவிடலாகாது.

இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் இந்நாட்டிற் செய்த அற்புதத்தை நாம் குறைத்துச் சொல்பவர்களல்லர். 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. ஒரு பிரதேசத்துக்கு ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவர்கீழ்ப் பரிசோதகர், தாதி, வீடு வீடாகச் செல்லும் மருத்துவமாது என்ற அந்த வலை காலப்போக்கில் நாடெங்கும் விரிந்தது. 1945 இல் ஆயிரம் பிறப்புக்கு ஏறத்தாழ 140 குழந்தைகள் முதலாவது பிறந்தநாளைக் காணாமலே இறந்தன. இன்று அத்தொகை பத்துக்குட்பட்டது. இது மருத்துவமாது மிதித்த சைக்கிளால் வந்தது. அவளை இன்று குடும்பநல உத்தியோகத்தர் என்கிறோம். பெயர் நீண்டுவிட்டது, அவள் நடக்கும் தூரமும் நீண்டுவிட்டது. மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்று கணக்கு. ஓரிடம் வெற்றிடமானால் அடுத்த பகுதியாளே இரண்டையும் பார்க்கவேண்டும் என்பதற்குக் கணக்கில் இடமில்லை.

அவ்வலையின் பின்னலை முதலில் அறுத்தவர் எவர்? 1977 இன் பின்னர் திறந்த பொருளாதாரம் வந்தது. அரிசிப் பங்கீடு போய் 1979 இல் உணவு முத்திரை வந்தது. விலைகள் ஏறின, முத்திரையின் பெறுமதி ஏறவில்லை. அதேவேளை உலக அரங்கில் என்ன நடந்தது? 1978 இல் அல்மா ஆட்டாவில் கூடிய நாடுகள், உணவும் நீரும் வீடும் நீதியும் சேர்ந்ததே சுகாதாரம் என்று உரைத்தன. சில ஆண்டுகளுள் அது அதிகப் பேராசை என்று ஒதுக்கப்பட்டு, மலிவான சில உபாயங்கள் முன்வைக்கப்பட்டன. நிறை பார், உப்புச்சீனிக் கரைசல் கொடு, தாய்ப்பால் ஊட்டு, ஊசி போடு. 1980 முதல் யுனிசெவ்வின் தலைவராகவிருந்த ஜேம்ஸ் கிரான்ட் இதனை உலகெங்கும் கொண்டுசென்றார். ஐம்பதுகளில் அமெரிக்க உதவித் தூதுக்குழுவின் தலைவராக இலங்கையில் இருந்தவரே அவர். நேர்மையாகச் சொல்வதானால், இவ்வுபாயங்கள் இலட்சோப இலட்சம் உயிர்களைக் காத்தன. யுத்தத்தின் நடுவே சொட்டு மருந்துக்காகத் துப்பாக்கிகள் மௌனித்த நாள்களை எம் நாட்டிலும் கண்டோம். 1987 இல் யுனிசெவ்வின் ஆய்வாளர்களே, கடன்கொடுப்போரின் சீர்திருத்தங்கள் பிள்ளைகளின் தசையை அரிகின்றன என்று நூலெழுதிச் சுட்டினர். அதனையும் மறைக்கோம். ஆனால் நிறை பார்ப்பது மலிவு. நிறை குறைந்த பிள்ளைக்குச் சோறு போடுவது மலிவன்று. மலிவானதைத் தொண்டு நிறுவனம் எடுத்துக்கொண்டது. மலிவற்றதை எடுக்க ஒருவருமில்லை.

இப்பொழுது 2022 க்கு வருவோம். அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். பாண் விலையைக் கேட்டுத் தாய்மார் கடைவாசலிலேயே திரும்பினர். அதற்கு முன்னரே, 2016 இன் குடிசன சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 15 வீதத்தினர் உயரத்துக்கேற்ற நிறையற்றோர். 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமற்றோர். தோட்டத் தமிழ்ப் பிள்ளைகள் நிறைந்த நுவரெலியாவில் இந்த இரண்டாவது தொகை ஏறத்தாழ இரட்டிப்பு. நெருக்கடி பிறக்குமுன்பே நோய் இருந்தது. நெருக்கடி அதன் துணியை விலக்கிக் காட்டியது. 1973 முதல் கர்ப்பிணிகளுக்கும் சிறாருக்கும் வழங்கப்பட்டுவந்த திரிபோசா மா, சோளத் தட்டுப்பாட்டாலும் அதன் நச்சுப்பூஞ்சண அளவு பற்றிய சர்ச்சையாலும் சிறு குழந்தைகளுக்குக் கிடையாமற் போனது. யுனிசெவ்வின் தெற்காசியப் பணிப்பாளர் ஓகஸ்ட் மாதத்தில், இலங்கைப் பிள்ளைகள் பசியோடு படுக்கச் செல்கின்றனர் என்று எச்சரித்தார். அரசாங்கத் தரப்பிலிருந்து மறுப்புகள் வந்தன.

அவ்வாண்டிலேயே அம்பாந்தோட்டை மாவட்டத்துச் சூரியவெவப் பிள்ளைகளின் போசாக்கின்மை பற்றிப் பகிரங்கமாகப் பேசினார் மருத்துவர் சமல் சஞ்சீவ. சுகாதார அமைச்சு அவரைப் பணியிலிருந்து இடைநிறுத்தியது. செப்டெம்பர் இறுதியில் பொதுநிர்வாக அமைச்சு, அரசாங்க ஊழியர் சமூக ஊடகங்களிற் கருத்து வெளியிடுவதைத் தடைசெய்து சுற்றறிக்கை அனுப்பியது. மீறுவோர்க்குத் தாபனக் கோவையின்படி ஒழுக்காற்று நடவடிக்கை! சிங்கள மருத்துவர் ஒருவர் தெற்கிலே சிங்களப் பிள்ளைகளின் பசியைச் சொன்னதற்கே இந்தக் கதி. நெல்லியடிக் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் வாய்திறந்தால் என்னாகும் என்பதைச் சொல்லவேண்டுமா?

இங்கேதான் புதிய பணிப்பாளர் அவர்களே, உங்களோடு எமக்குள்ள வழக்கு தொடங்குகிறது. கையிற் புள்ளிவிபரம் வைத்திருப்பவர்களின் வாய் கட்டப்பட்டிருக்கிறது. வளர்ச்சிப் பதிவேட்டில் ஒவ்வொரு மாதமும் புள்ளி குத்துபவள், அப்புள்ளி கீழே சரிவதைத் தாய்க்குமட்டுமே சொல்லலாம். நீங்கள் அவ்வாறல்லர். தாபனக் கோவை உங்களைத் தீண்டாது. உங்களிடமுள்ள ஒரேயொரு பெரிய செல்வம் பட்டமன்று, வாகனமன்று, கட்டப்படாத வாய். அந்த வாயை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பதொன்றே எமது கேள்வி.

'அரசாங்கம் செய்யாததால்தானே நாம் செய்கிறோம்' என்பது உங்கள் தரப்பின் வழக்கமான விடை. யாழ்ப்பாணத்தார்க்கு இதனைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் எண்ணி வாங்கியவர்கள் நாம். மந்திகை ஆஸ்பத்திரியில் எல்லைகளற்ற மருத்துவர்கள் வந்து சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் எத்தனை வீடுகளில் இன்று விளக்கெரியாது என்பதும் அறிவோம். 1995 ஒக்டோபர் 30 இன் இரவில் வலிகாமமே பெயர்ந்து வந்தபோது எமது பள்ளிக்கூடங்கள் முகாம்களாயின. அன்று வந்த உதவியை நன்றி கொன்று பேசோம். ஆனால் காயத்துக்குக் கட்டுப்போட வந்தவர் வேறு. காயம் ஆறாதிருப்பதைப் பற்றி ஆண்டறிக்கை எழுத வந்தவர் வேறு. 2004 ஆழிப்பேரலையின் பின்னர் வடமராட்சிக் கரையோரத்தில் நின்ற பெயர்ப்பலகைகளின் தொகையை நினைத்துப் பாருங்கள். பலகைகள் உக்கின, நிறுவனங்கள் போயின. போகாமல் நின்றவள் அதே மருத்துவமாது.

உங்கள் வாயும் முழுக்கக் கட்டவிழ்ந்ததன்று என்பதும் எமக்குத் தெரியாததன்று. பணம் தருபவனின் ஒப்பந்தம் ஒருபக்கம். தொண்டு நிறுவனங்களைப் பதிவுசெய்யும் செயலகம் மறுபக்கம். அச்செயலகம் ஒரு காலத்திற் பாதுகாப்பு அமைச்சின் கீழேயே வைக்கப்பட்டிருந்தது. பிள்ளைகளின் பாலுக்கும் பீரங்கிக்கும் ஒரே அமைச்சு! ஆகவே நீங்கள் மெல்லப் பேசுகிறீர்கள். 'கொள்கை உரையாடல்', 'விழிப்புணர்வு', 'தாய்மாருக்குப் போசாக்குக் கல்வி'. இந்தக் கடைசிச் சொல்லைக் கேட்கும்போது எமக்குக் கோபம் வருவதை மறைக்கமாட்டோம். வெங்காயத் தோட்டத்திற் கூலிக்குக் குனிந்து நிற்கும் பெண்ணுக்கு முட்டையின் அருமை தெரியாதாம். அதனை அவளுக்கு வரைபடம் காட்டிப் படிப்பிக்கவேண்டுமாம். அவளுக்கு முட்டையின் அருமையும் தெரியும், விலையும் தெரியும். வாராவாரம் வாசலில் வந்து நிற்கும் நுண்கடன் வசூலிப்பாளரின் பெயரும் தெரியும். அறியாமை அவளிடமில்லை.

நிபுணத்துவம் வேண்டாமென்று நாம் சொல்வதாக எவரும் திரிக்கவேண்டாம். 1848 இல் மானிப்பாயில் வைத்தியசாலை தொடங்கிய டொக்டர் கிறீன் அமெரிக்காவிலிருந்து வந்த நிபுணர்தாம். அவர் என்ன செய்தார்? மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். மாணவர்க்கு உடற்கூற்றைத் தமிழிலேயே படிப்பித்தார். தம் அறிவை எம் மொழிக்குள் இறக்கிவைத்துவிட்டுப் போனார். உங்கள் கொள்கை ஆவணங்களோ ஆங்கிலத்திற் பிறந்து ஆங்கிலத்திலேயே இறக்கின்றன. தமிழில் வருவது சுவரொட்டி மட்டும். காமராசர் 1956 இல் தமிழகப் பள்ளிகளில் மதிய உணவைப் பரப்பியபோதும், 1982 இல் எம். ஜி. ஆர். அதனை விரித்தபோதும், 2022 இல் அங்கு காலையுணவு தொடங்கியபோதும் அடுப்பு மூட்டியது அரசாங்கத்தின் வரவுசெலவுத் திட்டம். அப்பணம் ஆண்டுதோறும் சட்டசபையில் வாக்கெடுத்து ஒதுக்கப்படுவது. கருத்திட்டம் முடிந்ததென்று மூட்டைகட்ட முடியாதது. எமது நாட்டிலும் பிள்ளையின் உணவு அத்தகைய உரிமையாகவேண்டும். குடும்பநல உத்தியோகத்தரின் வெற்றிடங்கள் நிரப்பப்படவேண்டும். பிரதேசந்தோறும் பிள்ளைகளின் நிறைக் கணக்கு மாதாமாதம் மக்கள் பார்க்கும்படி ஒட்டப்படவேண்டும். உண்மை சொன்ன ஊழியரைத் தண்டிக்கும் சுற்றறிக்கைகள் கிழிக்கப்படவேண்டும். இவற்றை அமைச்சரின் முகத்துக்கு நேரே, பெயரிட்டு, பத்திரிகையில், நீங்கள் கேட்பீர்களா? ஜெப் அம்மையாரின் ஐந்து பவுண் தண்டத்துக்கு ஈடாக எதனையேனும் இழப்பீர்களா?

பிறரைக் கேட்பவர்கள் தம்மையும் கேட்கவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் காலைப் பிரார்த்தனை வேளையில் எம்மில் ஒருவரின் வகுப்புப் பிள்ளை மயங்கி விழுந்தாள். பத்து வயதுச் சிறுமி. தண்ணீர் தெளித்து எழுப்பி, சிற்றுண்டிச்சாலையில் ஒரு தேநீரும் பணிசும் வாங்கிக்கொடுத்தோம். முதல் நாள் மதியத்துக்குப் பின் அவள் ஒன்றும் உண்ணவில்லை. வீட்டில் தம்பி தங்கையர் இருந்தனர். பதிவேட்டில் நாம் எழுதியது 'சுகவீனம்' என்ற ஒரு சொல். பசி என்று எழுதியிருக்கவேண்டும். எழுதினால் விளக்கம் கேட்பார்கள், பள்ளியின் பெயர் கெடும், தாய் வெட்கப்படுவாள் என்றெல்லாம் எமக்கு நாமே நியாயம் சொல்லிக்கொண்டோம். அப்பிள்ளை எங்கிருந்து வந்தாள் என்பதையும் சொல்லிவிடுவோம். காணியற்ற கூலிகள் வாழும் குடியிருப்பிலிருந்து. எமது முன்னோர் கிணற்றடியிலும் தேநீர்க் கடையிலும் தள்ளிவைத்த மக்களின் குடியிருப்பிலிருந்து. நிறைப் பதிவேட்டிற் கீழே சரியும் புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு கீறினால், அக்கோடு சாதியின் பழைய எல்லைகளை ஒட்டியே போகிறதென்பதை எந்தக் கொள்கை ஆவணத்திலாவது நீங்கள் எழுதியிருக்கிறீர்களா? நாமும் எழுதவில்லை.

ஆகவே உங்களை அழைக்கிறோம். கருத்தரங்குக்கன்று. எமது பகுதிக் கிளினிக் மாதத்தில் ஒரு நாள், பொதுமண்டபமொன்றின் விறாந்தையில், காலை எட்டரைக்குத் தொடங்கும். கூரை வளையில் தராசு தொங்கும். நீலப் பதிவேடும் இளஞ்சிவப்புப் பதிவேடும் கையிலேந்தித் தாய்மார் வாங்கில் இருப்பர். இடமில்லாதோர் வேப்பமரத்தடியில் நிற்பர். குடும்பநல உத்தியோகத்தர் ஒருவரே இருப்பார். அவருக்கு எழுதிக்கொடுக்க ஓர் ஆள் உதவி தேவை. வாகனம் நிறுத்த அங்கு இடமில்லை. நெல்லியடிச் சந்தியில் பஸ்ஸால் இறங்கி நடந்தே வரவேண்டும்.